விளக்கு எரிந்த பிறகு அரியலூர் வரை

காரில் பெட்ரோல் தீரப்போகிறது என்று மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் போகும்? என் வீட்டுக்காரரைக் கேட்டால் நாற்பது கிலோமீட்டர் என்பார். அவர் தம்பியைக் கேட்டால் ஐம்பது என்பார். ஆண்கள் நாலு பேர் கூடினால் ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். ஆனால் ஒருத்தரும் பங்க்கில் நிறுத்திப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். என்னைக் கேட்டால் நான் சரியாகச் சொல்வேன். பெரம்பலூருக்கு இந்தப் பக்கம் எரிந்தால் அரியலூர் ஸ்டேஷன் ரோட்டு முனை வரைக்கும் போகும். ஸ்டேஷன் வரைக்கும் போகாது.

அன்றைக்கு மகளை ரயிலேற்றப் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். படிப்பை முடித்து ஒரு வருஷமாக எங்கெங்கோ எழுதிப்போட்டு, கடைசியில் சென்னையில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் சர்டிபிகேட்டுகளோடு நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குப் போய்விடலாம். அதை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர வேறு வழி கிடையாது.

பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் அதைத்தான் கேட்டார். எங்கள் ஊர் ரஞ்சன்குடிப் பக்கம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் வழி கேட்கிற திருப்பத்தில்தான் வீடு. "வூட்டு வாசல்ல நின்னு கையக் காட்டுனா சென்னை பஸ்சு. அத விட்டுட்டு எதுக்கு அரியலூர் வரைக்கும் அலையணும்?" என்றார். சொல்வது என்னவோ சரிதான். ஆனால் எங்கள் பெண்ணுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய் வருவதற்கே கையில் இரண்டு கவர் வேண்டும். காலேஜுக்குக்கூட அத்தனை வருஷமும் ஸ்கூட்டியில்தான் போனாள். முதல் நாளே வாந்தியெடுத்துத் துவண்டுபோய் ஆபீஸ் வாசலில் நிற்பாளா என்று கேட்டேன்.

சண்டை பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இல்லை. அவருக்கு அவளை அனுப்ப மனசில்லை. அதை நேராகச் சொல்லவும் வாய் வராது. ஹாஸ்டல் தண்ணி சரியில்லையாம் என்பார். அங்கே வாடகை கொள்ளையாம் என்பார். சம்பளத்தில் பாதி சாப்பாட்டுக்கே போய்விடும் என்பார். ஒரு நாள் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பொண்ணு மேல வந்தா உங்களுக்கு வயிறு எரியுதா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு பத்து நாளாகப் பேச்சு கிடையாது.

பேச்சு இல்லையென்றால் பேசாமலே இருப்போம் என்று அர்த்தம் இல்லை. எல்லாம் அவள் வழியாக நடக்கும். "பாப்பா, உங்கப்பாவ சாப்பிட வரச்சொல்லு." "பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு, பருத்திக்கு ஆளு வந்துருக்கு, டீ போடணும்." அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். அவள் மழலை பேசுகிற காலத்திலேயே இந்தத் தபால் வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்ன வயதில் ஆசையாக ஓடி ஓடிச் சொல்வாள். வளர்ந்த பிறகு போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்பாள். எங்கள் சண்டைகள் சில நாளில் தானாக ஆறிப்போகும். எப்படி ஆறியது என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று காலையில் வண்டி எடுக்கவே தாமதம். கண்ணாடியைத் துடைக்கிறார், மறுபடி துடைக்கிறார். டயரை உதைத்துப் பார்க்கிறார். கல்யாணத்துக்கா போகிறோம், இந்தத் துடை துடைக்க? பெட்டியையும் பையையும் நானே டிக்கியில் ஏற்றினேன். அவள் பின்சீட்டில் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

பெரம்பலூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த விளக்கு எரிந்தது. குட்டியாக பங்க் படம் போட்ட மஞ்சள் விளக்கு. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். உடனே ஸ்டியரிங்கைக் கட்டிக்கொள்கிற மாதிரி முன்னால் குனிந்து உட்கார்ந்தார், விளக்கு என் கண்ணில் படாதாம்.

டவுனுக்குள் நுழைகிற இடத்தில் முதல் பங்க் வந்தது. இப்போது நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தினால் பெட்ரோல் இல்லாமல் கிளம்பினோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் பேசட்டும். பங்க் பின்னால் போய்விட்டது. அடுத்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது, நடுவில் கட்டைச் சுவர். அதுவும் போனது. அரியலூர் ரோட்டில் திரும்பியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பாப்பா, உங்கப்பாகிட்ட கேளு, வண்டிக்குத் தீனி போட்டாச்சான்னு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அம்மா, எனக்குத் தலையைச் சுத்துது."

"உங்கம்மாகிட்ட சொல்லு, ஓட்டறவனுக்குத் தெரியும்னு," என்றார் அவர்.

"என்ன தெரியும்னு கேளு. நடு ரோட்டுல நின்னா இவரு தூக்கிட்டு ஓடுவாரான்னு கேளு."

"இன்னும் நாப்பது கிலோமீட்டர் ஓடும்னு சொல்லு."

அவள் ஒன்றையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இந்த மனுஷன் வேண்டுமென்றே செய்கிறார். வண்டி வழியில் நிற்கட்டும், ரயில் போகட்டும், பெண் வீட்டோடு இருக்கட்டும் என்றுதான் பெட்ரோல் போடாமல் எடுத்து வந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். கல்லு மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏசியை நிறுத்தினார். ஜன்னலை இறக்கினோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிகள் முன்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. புழுதி முகத்தில் அடித்தது. முந்தினால் பெட்ரோல் குடிக்கும். முந்தாவிட்டால் ரயில் போய்விடும். அவர் முந்துவதும் பதுங்குவதுமாக ஓட்டினார். இறக்கம் வந்தால் கியரைத் தள்ளிவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டார். இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. நான் ஒவ்வொரு மைல்கல்லிலும் அரியலூருக்கு இன்னும் எவ்வளவு என்று படித்துக்கொண்டே வந்தேன். படிக்கப் படிக்க அது குறைகிற மாதிரியே தெரியவில்லை.

பாதி வழியைத் தாண்டி ஒரு பங்க் வந்தது. இந்த முறை அவரே இண்டிகேட்டர் போட்டுத் திருப்பினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. உள்ளே டேங்கர் லாரி நின்றது.

"லோடு எறங்குதுங்க. அரை மணி நேரம் ஆகும்," என்றார் பங்க்கில் வேலை செய்கிறவர்.

அவர் காரை விட்டு இறங்கினார். எங்கேயும் யாரிடமும் பணிந்து பேசாத மனுஷன் அந்த ஆளுக்குப் பக்கத்தில் போய், "தம்பி, பொண்ணு வேலைல சேரப் போவுது. ட்ரெயினப் புடிக்கணும். ரெண்டு லிட்டரு மட்டும் பாருங்க தம்பி," என்று கேட்டார். கேட்கும்போது கையைக் கூப்பினாரோ, வேர்வையைத் துடைத்தாரோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. லோடு இறங்கும்போது போட முடியாதுங்க, ஆபத்து என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தார். வேண்டுமென்றே செய்கிறவர் இரண்டு லிட்டருக்கு இப்படிக் கெஞ்சுவாரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபத்தையும் விட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து போனில் மணி பார்த்துக்கொண்டே வந்தாள். அரியலூர் வந்தது. கடைவீதி வந்தது. ஸ்டேஷன் ரோட்டில் திரும்புகிற முனையில் வண்டி ஒரு இருமல் இருமியது. இன்னொன்று இருமியது. அப்படியே ஓரமாக உருண்டுபோய் நின்றது.

அவர் இறங்கினார், டிக்கியைத் திறந்தார், பெரிய பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். சக்கரம் வைத்த பெட்டிதான். இழுக்கலாம் என்று கத்த நினைத்தேன், மூச்சு வாங்கியது. இட்லி கட்டிய சாப்பாட்டுப் பையோடு நானும், சர்டிபிகேட் பையை மாரோடு அணைத்தபடி அவளும் பின்னால் ஓடினோம். நாங்கள் பிளாட்பாரத்துக்குள் நுழைய ரயில் வந்து நின்றது. அவள் சீட் இருந்த கோச் எங்கேயோ முன்னால். அவர் கண்ணில் பட்ட வாசலில் பெட்டியை ஏற்றி, அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "உள்ளயே நடந்து சீட்டுக்குப் போயிரு. கதவுகிட்ட நிக்காத," என்றார். நான் சாப்பாட்டுப் பையை அவள் கையில் கொடுத்தேன். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. சரியாக டாட்டா காட்டக்கூட முடியவில்லை. ரயில் போன பிறகும் அவர் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

முன்னும் பின்னுமாக நடந்து கார் நின்ற இடத்துக்கு வந்தோம். என்ன செய்வதென்று தெரியாமல் ஏறி உட்கார்ந்தோம். அவர் சாவியைத் திருகிப் பார்த்தார். அது கிளம்புமா? அந்த மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

நான் பின்னால் திரும்பி, "பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

பின்சீட்டில் வாந்திக்கென்று எடுத்து வைத்த கவர் மடித்தது மடித்தபடி கிடந்தது. வேறு யாரும் இல்லை. நான் திரும்பியபோது பார்க்கிறேன், அவரும் பின்னால் திரும்பித்தான் இருந்தார். அவரும் அவளிடம் ஏதோ சொல்லியனுப்ப வாயைத் திறந்திருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஸ்டியரிங்கைப் பார்த்தபடி அவர் சொன்னார். "நேத்து சாயங்காலம் பெட்ரோல் போடத்தான் போனேன். வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு. போடாம திரும்பி வந்துட்டேன்."

பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் என்னிடம் இருந்தது. அதை இனி எதற்குக் கொட்ட வேண்டும்? அவளை அனுப்ப அவருக்கு மனசு வந்துவிட்டதை அந்தப் பங்க்கில் அவர் கெஞ்சிய குரலிலேயே கேட்டுவிட்டேனே. கதவைத் திறந்து இறங்கினேன். அவரும் இறங்கினார். டீக்கடையில் கேட்டதில் பங்க் பக்கத்தில்தான் என்றார்கள். வெயிலில் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம்.

என் போன் அடித்தது. அவள்தான்.

"அம்மா, சீட்டுக்கு வந்துட்டேன். ஜன்னல் பக்கம்தான். தலை சுத்தல. அப்பாகிட்ட சொல்லிரும்மா."

நான் இரண்டு எட்டு வேகமாக வைத்து அவர் பக்கத்தில் போனேன்.

"ஏங்க, சீட்டுக்குப் போயிட்டாளாம். தலை சுத்தலையாம். உங்ககிட்ட சொல்லச் சொல்றா."

அவர் நின்றார். ரோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இட்லி சாப்பிட்டாளான்னு கேளு," என்றார்.

கேட்டேன். இனிமேல்தான் சாப்பிடப் போகிறாளாம். அதையும் அவரிடம் சொன்னேன்.