லோகோஸ் லோகமான கதை

எதிர்வீட்டுப் பிழைதிருத்துபவருக்கு அச்சகத்தில் 'ஒற்றுப்புலி' என்று பெயர். விட்டுப்போன க், ச், த், ப் எந்தப் புதரில் பதுங்கினாலும் மோப்பம் பிடித்துவிடுவார். தம் கல்யாண அழைப்பிதழில் ஓர் ஒற்று குறைந்ததற்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போடப் பார்த்தவர். வாய்த்தவளோ ஊர் வாயை ஒற்றை ஆளாக அடைப்பவள். இவர் வீட்டில் வாய் திறந்ததெல்லாம் கொட்டாவிக்குத்தான்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. மிச்சம் ஒரே ஓசை: 'ம்'. பசித்தாலும் ம், வலித்தாலும் ம்.

"பக்கத்துல பேசிக்கிட்டே இருங்க. திரும்ப வந்தாலும் வரும்" என்றார் டாக்டர்.

இவருக்கு என்ன பேசத் தெரியும்? கைக்கு வந்த புரூஃபைக் கட்டிலருகே உரக்கப் படித்தார். கிரேக்க ஞானிகளும் ஆதிக் கிறிஸ்தவர்களும் கடவுளையும் பிரபஞ்சத்தையும் பற்றி என்ன நினைத்தார்கள் என்று ஒரு பாதிரியார் எழுதிய நூல். எல்லாவற்றுக்கும் முன்னே இருந்தது லோகோஸ் என்று அதில் வந்தது. ஒரு கண் தாளில், ஒரு கண் அவள் உதட்டில். எழுத்துப்பிழை என்று நினைத்து, நூல் முழுக்க 'லோகம்' ஆக்கிவிட்டார்.

அச்சானதும் பாதிரியார் வீட்டுக்கே வந்தார்.

"லோகோஸ்னா வார்த்தைய்யா, கிரேக்கச் சொல். ஒண்ணுமில்லாததுலேர்ந்து ஒண்ணும் வராது, லோகம் எப்பவும் இருந்துச்சுன்னு கிரேக்க ஞானிங்கள்ல பலபேரு சொன்னாங்க. இல்ல, கடவுள் ஒண்ணுமில்லாததுலேர்ந்து வார்த்தையாலதான் உண்டாக்கினாருன்னு எங்காளுங்க சொன்னாங்க. புத்தகம் முழுக்க மல்லுக்கு நின்னேன். நீங்க ஒரு சொல்ல மாத்தி என்னை எதிர்க்கட்சியில சேத்துட்டீங்களே."

புலி மன்னிப்புக் கேட்கவில்லை.

"சாமி, வார்த்தையிலேர்ந்து லோகம் வந்துச்சு, சரி. வார்த்தை எதுலேர்ந்து வரும்? இவளுக்கு ஒண்ணே ஒண்ணு வரணும்."

பாதிரியார் அப்போதுதான் கட்டிலைப் பார்த்தார்.

"தெரியலப்பா" என்று உட்கார்ந்துவிட்டார்.

பேச்சுச் சத்தத்தில் விழித்தவள் 'ம்' என்றாள்.

"கேட்டீங்களா? மெய் இருக்கு சாமி. உயிர் ஒண்ணு சேந்தாப் போதும்." அவள் முகத்தருகே குனிந்து வாயை அகலத் திறந்தார். "ஆ... சொல்லுடி. என்னைத் திட்டவாவது சொல்லு. ஆ..."

அவள் கண் தண்ணீர்ச் செம்பின் மேலேயே இருந்ததைப் பாதிரியார்தான் கவனித்தார். எழுந்து புகட்டினார். பாதி உள்ளே போயிற்று, பாதி தலையணைக்குப் போயிற்று.

குடித்து முடித்து அவள் மறுபடி 'ம்' என்றாள். புலி 'ஆ'வுக்குத் திறந்த வாயை மூடவே இல்லை.