மாடிப்படிக்குக் கீழே நின்ற வண்டி

அவர் பல்செட் செய்பவர். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; மெழுகில் ஈறு அமைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். முப்பத்து மூன்று வருடங்களாக அதே ஒற்றை அறை, அதே உயர ஸ்டூல். அவர் செய்த பல்லோடு ஊரில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரை அவர்களுக்குத் தெரியாது.

மனைவி, மகளின் முதல் பிரசவத்துக்கென்று போனவள். மூன்று மாதம் என்றுதான் சொன்னாள். பிறகு குழந்தை நடக்கட்டும் என்றாள். பிறகு மகள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள், அப்புறம் இரண்டாவது பிரசவம், அப்புறம் பள்ளிக்கூடம். சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை இவர் ரயிலேறிப் போவார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து நல்ல துண்டாக எடுத்துக் கொடுப்பார்கள், விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி. மூன்றாம் நாள் காலை யாராவது, "எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்டுவிடுவார்கள்.

வண்டி கல்யாணமான புதிதில் வாங்கியது. வேலைக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எங்காவது போவதற்குத்தான் அதை எடுப்பார். அவள் போன பிறகு மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, பழைய திரைச்சீலை ஒன்றைப் போர்த்தினார். அதோடு சரி.

ஒரு நாள் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். "அந்த இடத்துல தண்ணி மோட்டார் வைக்கணும் சார். வண்டிய எடுத்துடுங்களேன். அதுக்குள்ள எலி குடும்பம் நடத்துது."

'எலியாவது நடத்துகிறதே' என்று அவருக்கு வாய்வரை வந்தது. பழைய இரும்பு வாங்குகிறவரை வரவழைத்தார்.

வந்தவர் திரைச்சீலையை உருவிப் போட்டுவிட்டுத் தள்ளிப் பார்த்தார். சக்கரம் உருளவில்லை. கையில் கிடைத்தது இடப்பக்கக் கண்ணாடி. அதைப் பிடித்துத் திருக ஆரம்பித்தார். வண்டியை விட்டு இறங்கியதும் குனிந்து அதில்தான் மனைவி தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள்.

"நிறுத்துங்க."

"நீங்கதானே சார் கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டேன். இப்ப வேண்டாங்கறேன்."

குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று அவருக்கே புரியவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் இரண்டு மாதம் தவணை கேட்டார்.

சாயங்காலங்களில் வேலை நடந்தது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் கோந்தாகியிருந்தது. அதை வழித்துவிட்டு, துரு போவதற்காக ஒரு கை நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கினார், தெருவுக்கே கேட்டது. எலி கடித்த ஒயர்களை மாற்றினார், இறுகிக் கிடந்த சக்கரங்களை உருள வைத்தார். எஞ்சின்தான் பிடிவாதம் பிடித்தது. பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே எண்ணெய் ஊற்றினார். தினமும் காலையில் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்ப்பார். பத்து நாள் கல்லாக இருந்தது. பதினோராம் நாள் ஒரு விரலளவு இறங்கியது.

"ஆங், அப்படித்தான்," என்றார். பிறகுதான், அந்த வீட்டில் தன் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளைப் பல்செட் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். கைப்பிடிக் கம்பிகளையும் டேங்க் மூடியையும் பல்லுக்கு மெருகேற்றும் சக்கரத்திலேயே பிடித்தார். டயர் மாற்றத் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனபோது, மெக்கானிக் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன சார், வண்டிக்குப் பல்லு விளக்கி விட்டிருக்கீங்க!"

அங்கேதான் வண்டி உயிர் பெற்றது. இருபது முப்பது உதை வாங்கி, கரும்புகையைக் கக்கி, பிறகு சீராக ஓடியது. மெக்கானிக் கை தட்டினார். இவர் திரும்பிப் பார்த்தார். சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். ஐந்து மணி நேரப் பயணம். மகள் வீட்டு வாசலில் மனைவிதான் நின்றிருந்தாள்.

"ஐயோ, இந்த வயசுல இதுலயா வந்தீங்க?" என்றாள். பிறகு சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "புதுசா?"

"மேலுறை மட்டும். உள்ள அதேதான்."

மறுநாள் காலை பால் வாங்க வேண்டியிருந்தது. ஏறிக்கொண்டாள். அவள் கை பழைய இடத்தில், அவருடைய வலது தோளில், வந்து உட்கார்ந்தது. திரும்பும்போது தெருவுக்கு முன்னாலேயே அவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"வீட்டுக்கு வந்துடு," என்றார். எப்போது வருகிறாய் என்று பல தடவை கேட்டிருக்கிறார். வா என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் இறங்கி முன்னால் வந்தாள். "முதல் வருஷமே சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்."

"இப்ப?"

"அங்க நீங்க பல்லைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க, நான் உங்க முதுகைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். இங்க ஒரு நாளைக்கு நூறு தடவை யாராவது என்னைக் கூப்பிடறாங்க. அது பழகிப்போச்சு. பிடிச்சும் போச்சு."

"என் மேல கோவமா?"

"கோவம் இருந்தா கிளம்பி வந்து சண்டை போட்டிருக்க மாட்டேனா?"

அவள் பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டாள். "பசங்க எழுந்திருக்கும். வாங்க, போகலாம்."

அன்றைக்கே திரும்பினார். பாதி வழியில் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அழுகை வருமென்று நினைத்தார், பசிதான் வந்தது.

வண்டியை மெக்கானிக் தன் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பதிலுக்கு, அடைத்துப்போன கார்புரேட்டர்களை இவரிடம் நீட்டுவார். இவரும் அந்தக் கம்பியோடு போய் உட்கார்ந்துகொள்வார்.

அந்த மாதக் கடைசியில், மனைவியின் துணிமணிகளை இரண்டு பெட்டியில் மடித்து வைத்துப் பார்சலில் அனுப்பினார். கிடைத்த அன்று அவள் போன் செய்தாள்.

"இந்த நீல ஸ்வெட்டரை எத்தனை வருஷமா தேடறேன் தெரியுமா? எங்க இருந்துச்சு?"

"அலமாரியிலதான்."

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலையே."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். ஸ்வெட்டர் இன்னும் சரியாக இருப்பதாக அவள் சொன்னாள். போனை வைத்துவிட்டு அவர் அலமாரியைத் திறந்தார். ஒரு பக்கம் முழுக்கக் காலி. தன் சட்டைகளில் நாலைந்தை எடுத்து அங்கே அடுக்கிப் பார்த்தார். சரிவரவில்லை. பழைய இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.