நிரை பிடித்த கால்கள்

ஜப்பான்காரன் காலத்தில் என் அண்ணன் மகள் பல் முளைக்கிறவரை பெயரில்லாமலே வளர்ந்தாள். எங்கள் வழக்கப்படி பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. அந்த அத்தை நான்தான். ஒரு நல்ல பெயரைப் பொறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அண்ணி விடவில்லை. அவள் புருஷன் வந்து சொல்லும் பெயர்தான் பெயராம்.

அவன் எப்படி வருவான்? சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும், பிள்ளை பிறக்கும் முன்பே, சுங்கை லாலாங் பக்கமிருந்த எங்கள் தோட்டத்தை விட்டு ஓடிப்போனான். மெர்போக் ஆற்றங்கரையில் ஒரு மலாய் மீனவர் வீட்டில் ஒளிந்திருந்தான். அந்த மீனவர் கருவாடு விற்க வந்தபோது சேதி சொன்னார். மறுநாள் மத்தியானம் தண்ணீர் ஏறியதும் அண்ணனைப் படகில் தீவுப் பக்கம் அனுப்பப்போகிறார். பார்ப்பதானால் அதற்குள் வரவேண்டும்.

லாரி ஓடும் பெரிய சடக்கில் ஜப்பான்காரன் சோதனை போட்டிருந்ததால் காட்டுப் பாதையில் புறப்பட்டோம். ஜெராய் மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் கடல் வந்துவிடும் என்றாள் பிள்ளையை முதுகில் கட்டியிருந்த அண்ணி. மலையும் சமர்த்தாகக் கூடவே வந்தது. பாதி வழியில், ஆளில்லாமல் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மரங்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டது.

அங்கேதான் சண்டை மூண்டது. அப்பனே பெயர் வைத்துவிட்டால் அத்தைக்கு என்ன வேலை என்று கேட்டேன். தாலாட்டுப் பாடு என்றாள். என் குரலைக் கேட்டவள் சொல்லுகிற யோசனையா இது? விடாமல் வாயாடிக்கொண்டே நடந்தோம். வழியில் ஒரு கறையான் புற்று. அதன்மேல் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு புற்று, அதன்மேலும் ஒரு மங்கு. மறுபடியும் அதே மங்கைப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் ஒரு நிரை மரங்களை ஒட்டி ஏறினால், கடைசி மரத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த நிரையில் இறங்குவார்கள். காலையில் வேலை வாங்கும் தண்டல் பேர் கூப்பிட்டதும் இப்படிச் சுற்றுவதுதான் எங்கள் மூவருக்கும் பிழைப்பு. நாங்கள் சண்டையில் மும்முரமாக இருக்க, கால்கள் அவை பாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தன. நிரை நிரையாக ஏறி இறங்கி, நுழைந்த இடத்துக்கே வந்து நின்றோம்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போயிருவாங்க. புள்ள மொகத்தப் பாக்காமயே போயிருவாங்க."

அத்தை உரிமையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அவன் போகாமல் இருந்தால் போதும் என்று எனக்கு இருந்தது.

அப்போது சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினோம். கைலி கட்டிய ஓர் ஆள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு நிரையில் ஏறிப்போனான். கடைசி மரத்தைச் சுற்றி, அடுத்த நிரையில் எங்களை நோக்கி இறங்கி வந்தான். பார்த்தால் அண்ணன். காத்திருந்து பொறுக்காமல் எங்களைத் தேடி வந்தவன், அவனும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தண்டல் பேரு கூப்புடலன்னாலும் காலு வேலைக்குப் போயிருது லா," என்றான். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

நிற்க நேரமில்லை. பிள்ளையை வாங்கி, அதன் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னான். பிள்ளை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. பிறகு எங்களுக்கும் சொன்னான். நான் பொறுக்கி வைத்த பெயரில்லை. ஆனாலும் நல்ல பெயர்தான். அண்ணியின் தலையைத் தொட்டுவிட்டு, இந்த முறை நிரைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு படகுக்கு ஓடினான்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். வழி நெடுக அண்ணி அந்தப் பெயரைச் சொல்லியே பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். மரத்தைக் காட்டி ஒரு தடவை, குரங்கைக் காட்டி ஒரு தடவை. சடக்கு நெருங்கியும் அவள் குரல் தணியவில்லை. ஜப்பான்காரன் காதில் விழப்போகிறது என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விழட்டுமே," என்றாள் அண்ணி. "அவ அப்பா வச்ச பேரு."