அம்மாவுக்கு வாங்கிய கார்

அச்சு மையின் மணம் எனக்கு இன்றைக்கும் கோபத்தின் மணம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்பா பழைய கார் விளம்பரங்கள் மட்டுமே வரும் ஒரு தடித்த தாளை வாங்கிவந்து, லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டு, சிவப்புப் பேனையால் வட்டம் வட்டமாகப் போடுவார். அதன் மேலேயே சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்து நாங்கள் இடியப்பம் சாப்பிடுவோம். கை கழுவினாலும் மை போகாது. எனக்கு அப்போது பத்து வயது. அந்த வட்டங்களில் ஒன்றுக்குள் அம்மாவின் கார் இருக்கிறது என்று நம்பினேன்.

அம்மா ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். விடிய ஐந்து மணிக்கு எழும்பி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். முதல் பஸ் பிந்தினால் இரண்டாவது போய்விடும், அங்கே போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் முன்னால் பேச்சு வாங்கவேண்டும். அதனால்தான் ஒருவருக்கும் பெரிதாகச் சொல்லாமல் கார் ஓடப் பழகி, டெஸ்டில் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினார். அப்பா மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணியவர் என்பதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. என்றாலும் அன்றைக்கு அப்பா உண்மையிலேயே பூரித்துப் போனார். "உமக்கெண்டு ஒரு கார் வாங்கித் தாறன்," என்றார். அடுத்த நாளிலிருந்து, என்னோடு ஹை ஸ்ட்ரீட்டில் நடக்கும்போதெல்லாம் அவருடைய இடக்கை கோட்டுப் பைக்குள் அசைந்துகொண்டேயிருந்தது. சந்தியில் இரண்டாம் கியர், நேர்த் தெருவில் மூன்றாம் கியர். காரில்லாத ஒரு மனுஷி லண்டனையெல்லாம் ஒரு கோட்டுப் பைக்குள் வைத்து ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தொடங்கியது யோசனை. எங்கள் வீட்டில் ஒருவரும் "இல்லை" என்று சொல்வதில்லை, "பாப்பம்" என்பார்கள். இல்லை என்றால் ஒரு நாள் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பாப்பம் என்றால் காத்திருக்கவேண்டும். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டனிலிருந்து வருவார். நம்பர் பிளேட்டின் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதில் விண்ணர். கூட்டி எட்டு வந்தால் அந்தக் கார் சரிவராது. எட்டு வராதது சிவப்பாக இருக்கும். சிவப்புக்கு நாவூறு படும். சிவப்பில்லாதது வெள்ளையாக இருக்கும். வெள்ளையில் ஊத்தை தெரியும். அவசரப்பட்டு வாங்கிப் பிறகு அந்தரப்படக் கூடாது என்று மாமா சொல்ல, அப்பா தலையாட்டுவார். இரண்டு பேருக்கும் நடுவில் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகிற மனுஷியை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. பரிசு கொடுக்கிறவர் பெறுகிறவரைக் கேட்கக் கூடாதாம், அது அழகில்லையாம். இப்படியே ஒன்றரை வருஷம் போனது. இரண்டு விண்டர், பஸ் தரிப்பில், விறைத்த கால்களோடு.

கடைசியில் அப்பாவின் தம்பி ஜேர்மனியிலிருந்து டெலிபோன் எடுத்தார். ஜேர்மன் கார் என்றால் இருபது வருஷத்துக்குப் பழுதாகாது, அங்கிருந்தே தான் ஒன்றைக் கொண்டுவாறன் என்றார். அத்தனை யோசனையும் அந்த ஒரு வசனத்தில் முடிந்தது. இங்கே வந்ததும் கழற்றி எறியப்போகிற ஜேர்மன் நம்பரைக்கூட மாமா கூட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். சித்தப்பா கப்பலில் ஏற்றி, தானே ஓடிக் கொண்டுவந்து, துடைத்து மினுக்கி வாசலில் விட்டார். அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து, ஏறி இருந்து, இரண்டு கையையும் நீட்டினார். அங்கே ஸ்டியரிங் இல்லை.

மூன்று ஆண்களும் சிரித்தார்கள். "மற்றப் பக்கம், அண்ணி. ஜேர்மனியில ஸ்டியரிங் இடப்பக்கம்," என்றார் சித்தப்பா.

இரும்பின் கனத்தை யோசித்தவர்கள், துருவை யோசித்தவர்கள், எட்டை யோசித்தவர்கள், ஓடப்போகிறவரின் கை எந்தப் பக்கம் பழகியது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்திருப்பார்கள், "பழகினால் சரி" என்று விட்டிருப்பார்கள். அம்மா மற்றப் பக்கம் போய் ஏறினார். கியர் மாற்றப் போன இடக்கை கதவில் இடித்தது. தெருமுனை வருவதற்குள் நான்கு தரம் இடித்தது. சில்லு நடைபாதை விளிம்பில் உரசியது. அப்பா இறங்கச் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். "நீர் கொஞ்சம் பொறும். முதல்ல நான் ஓடிப் பாக்கிறன்."

ஒன்பது வருஷம் ஓடிப் பார்த்தார். அம்மா பஸ்ஸில் போனார்.

அதற்குப் பெயர் மட்டும் கடைசிவரை "அம்மாவின்ர கார்". வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது அம்மா முன்னால், வலப்பக்கத்தில், மற்றக் கார்களில் ஓட்டுகிறவர் இருக்கும் இடத்தில், மடியில் அர்ச்சனைத் தட்டோடு இருப்பார். அப்பா சிக்னல் போடாமல் திரும்புவார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்து, பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கி, எங்கள் அம்மாவை ஏசுவான். அம்மாவும் கண்ணாடியை இறக்கி, ஆங்கிலத்தில் "சொறி" என்பார். அப்பா "விசரன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடுவார். பின் சீற்றில் இருந்த எனக்குக் காது சுடும். இப்போது எழுதும்போதும் சுடுகிறது.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த வியாழக்கிழமைத் தாள் நின்றுவிட்டது. அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. சித்தப்பா பிறகு இங்கே, லண்டன் சட்டனுக்கே குடிவந்து, வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரொன்றை ஒரே நாளில் பார்த்து, அன்றைக்கே வாங்கினார். இவை போனதற்கு எனக்குத் துக்கமில்லை. அம்மாவின் துணிவு போனதற்குத்தான் ஆறவில்லை. இன்றைக்கு என் காரில் முன் சீற்றில் ஏறச் சொன்னாலும் பின்னால்தான் ஏறுகிறார். அன்பினால்தானே யோசித்தார்கள் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். அன்புதான். வெறுப்பு என்றால் ஒருநாள் சண்டை பிடித்தாவது முடித்திருக்கலாம்.

யோசிப்பதில் எனக்கென்ன குறைச்சல்? அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போனதிலிருந்து, பொத்தானை அழுத்தினால் இருக்கிற ஆளை எழுப்பிவிடுகிற கதிரையொன்று வாங்க ஐந்து மாதமாக நானும் யோசித்தேன். துணியா, தோலா, ஒரு மோட்டரா, இரண்டா. போன கிழமை என்னில் எனக்கே ஆத்திரம் வந்து, நேராகப் போய் என்ன கதிரை வேணும் என்று கேட்டேன். உயரமில்லாதது, பச்சைத் துணி போட்டது என்றார். இரண்டு செக்கன் எடுக்கவில்லை. அந்தக் கையோடு, அந்த நாளில் எந்தக் கார் வேணும் என்று நினைத்தீர்கள் என்றும் கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆரும் கேக்கேல்லையே, பிள்ளை. கேட்டிருந்தா, எந்தப் பழங் காரெண்டாலும் காணும், திங்கள் விடிய வேலைக்குப் போக முதல் தாங்கோ எண்டிருப்பன்."