கிருஷ்ணம்மாவின் கவ்வாத்து

பலாபத்வலயில் கண்டி வீதியை விட்டு இறங்கும் ஒரு சந்தில் கிருஷ்ணம்மாவின் வீடும் ஹமீமாவின் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு கம்பி வேலி. கிருஷ்ணம்மாவுக்கு இந்த உலகத்தில் கண்ணால் காணப் பிடிக்காதது ஒன்றுண்டு என்றால், அது வேலிக்கு அப்பால் ஹமீமாவின் முற்றத்தில் நின்ற தொங்கு ஊமத்தைதான்.

சாதாரண ஊமத்தை பூவை நிமிர்த்திப் பிடிக்கும். இது தலைகீழாகத் தொங்கவிடும், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல். பழுத்த பப்பாளியின் நிறம். அந்த நிறத்தில் சந்து முழுக்க வேறு செடி கிடையாது. பகலெல்லாம் சும்மா தொங்கும் பூ, பொழுது சாய்ந்தால் வாசனையை அவிழ்த்துவிடும். கிருஷ்ணம்மாவின் புருஷன் அழகுமுத்துவுக்கு மாத்தளை டவுனில் மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை. நாள் முழுக்கத் தும்மிவிட்டு வருகிற மனுசன், குளித்த கையோடு நாற்காலியை வேலியோரம் போட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவார்.

“என்னா வாசம்! ஹமீமா தங்கச்சிக்குக் கைராசி.”

இந்தக் ‘கைராசி’யைத்தான் கிருஷ்ணம்மாவால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அது அவளுடைய சொத்து. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில், ஆள் பற்றாத ஒரு வருசம் கங்காணி அவள் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார். தேயிலையின் தலையை வெட்டிப் பக்கத்தில் படரவிடுகிற வேலை, ஆம்பளைகள் வேலை. கிருஷ்ணம்மா வெட்டிய மலையில்தான் அந்த முறை கொழுந்து முதலில் வந்தது. “வெறுங் கை இல்ல புள்ள, கைராசி” என்று கங்காணி சொன்னதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் கறிவேப்பிலை, ரோஜா, குரோட்டன் எல்லாவற்றையும் அந்தக் கையால்தான் வளர்த்தாள். கிள்ளினாள், வெட்டினாள், அவையும் சொன்ன பேச்சுக் கேட்டுத் தழைத்தன.

ஹமீமாவிடம் போய் ஒரு கம்பு கேட்க ரோசம் விடவில்லை. யட்டவத்த சந்தையில் வெள்ளைப் பூ பூக்கும் கன்று ஒன்றை வாங்கி வந்து நட்டாள். மாட்டெருப் போட்டாள். தலை நீட்டும்போதெல்லாம் நுனியைக் கிள்ளினாள். செடி தேயிலைப் புதர் போல வட்டமாக, அழகாக நின்றது. இலை, இலை, இலை. இரண்டு வருசம் ஓடியும் மருந்துக்கு ஒரு மொட்டு இல்லை. பக்கத்தில் யாரும் கிள்ளாமல் தன்பாட்டுக்கு வளர்ந்து, கவைவிட்டுப் பிரிந்த கொம்புகளில் ஹமீமாவுடையது மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொலைத்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஹமீமாவின் மகள் நிஷ்மியாவுக்குப் பிள்ளைப்பேறு வந்தது. பையும் கையுமாகக் கிளம்பிய ஹமீமா, எப்போதும் போல வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நான் மகள்ட வீட்டுக்குப் போய்ட்டு வாரேன் அக்கா. அந்தச் செடிக்கு மட்டும் ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துங்க, சரியான குடிகாரச் செடி. ஒங்களுக்கும் வேணும்னா ரெண்டு கம்பு வெட்டிக்கோங்க.”

“எங்களுக்கு எதுக்கு? எங்ககிட்டத்தான் இருக்கே” என்றாள் கிருஷ்ணம்மா.

சொன்னபடி தண்ணீர் ஊற்றத்தான் செய்தாள். ஆனால் ஒரு சாயங்காலம் அழகுமுத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹமீமாவின் முற்றத்துக்கே போய்ச் செடியடியில் உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணம்மா வேலியருகே வந்து நின்றாள்.

“ஆளில்லாத வீட்டுல ஒங்களுக்கு என்னா வேல?”

“பூ இருக்கே” என்றார் அவர், கண்ணைக்கூடத் திறக்காமல்.

மறுநாள் அவர் மில்லுக்குப் போனதும் கிருஷ்ணம்மா கத்தியை எடுத்தாள். கவைக்குக் கீழே வைத்துச் சாய்வாக ஒரே வெட்டு. பழகிய கை பிசகவில்லை. சற்று நேரத்தில் ஹமீமாவின் முற்றத்தில் ஒரு மொட்டைக் கம்பம்தான் நின்றது. மொட்டும் பூவுமாகக் கிடந்த கொம்புகளை இழுத்துக்கொண்டுபோய், தன் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற தண்ணீர் ஓடும் வாழையடிச் சேற்றில் அமுக்கினாள். நிம்மதியாக இருந்தது.

“பூச்சி அரிச்சிருச்சு. வெட்டாட்டி மரமே போயிருக்கும்” என்று புருஷனிடம் சொன்னாள். திரும்பி வந்த ஹமீமாவிடமும் அதையே சொன்னாள். ஹமீமா மொட்டைக் கம்பத்தைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“நல்ல வேள நீங்க இருந்தீங்க அக்கா. வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்?” என்று ஒரு கிண்ணம் வட்டிலப்ப இனிப்பைக் கையில் கொடுத்தாள். கிருஷ்ணம்மா அதை அப்படியே அழகுமுத்துவுக்கு வைத்துவிட்டாள்.

சேற்றில் போட்ட கொம்புகள் சும்மா இருக்கவில்லை. வேர்விட்டுத் துளிர்த்தன. பார்த்த அன்றே பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். கை போனது, மனசு போகவில்லை. இது எனக்குப் பூக்கும் என்ற ஆசை. கிள்ளப் பயந்து அப்படியே விட்டாள். சில மாதம் கழித்து, கிள்ளாத கொம்பில் மொட்டு வந்தபோதுதான் தன் வெள்ளைச் செடிக்கு இரண்டு வருசமாகத் தானே என்ன செய்தோம் என்பதும் புரிந்தது. வாழை மறைவுக்கு யார் வரப்போகிறார்கள் என்று இருந்தாள். பூவை மறைத்துவிடலாம் சரி, வாசனையை என்ன செய்வதென்று யோசிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அழகுமுத்து மூக்கை நீட்டிக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போனார். போன வேகத்தில் வேலிக்கு ஓடிவந்தார்.

“தங்கச்சி! ஹமீமா தங்கச்சி! இங்க வந்து பாரு, நம்ம வீட்டுலயும் பூத்திருச்சு!”

கிருஷ்ணம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் ஹமீமா வாழையடியில் நின்றிருந்தாள். தலைக்கு மேல் பப்பாளி நிறத்தில் பூக்கள் தொங்கின. பூச்சி அரித்த ஓட்டை ஒரு இலையில்கூட இல்லை.

“பாத்தியா, சொல்லவே இல்ல, கள்ளி!” அழகுமுத்துவுக்குப் பெருமை தாளவில்லை. “எம் பொண்டாட்டி கைராசி, தங்கச்சி!”

எத்தனை வருசமாக ஏங்கிய வார்த்தை! கிருஷ்ணம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹமீமா பூவைப் பார்த்தாள். பிறகு சேற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அடிக்கொம்பின் சாய்வான பழைய வெட்டைப் பார்த்தாள். “ஓ அண்ணே, மெய்தான்” என்றாள் மெதுவாக. “அக்காக்கு நல்லா வெட்டத் தெரியும்.”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த முறை ஹமீமா மகள் வீட்டுக்குப் போனபோது சாவி எதிர்வீட்டு ஜஸ்லாவிடம் போனது. கிருஷ்ணம்மா தன் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் பின்பக்க ஜன்னலைச் சாத்திவிடுகிறாள். அழகுமுத்து வந்து திறந்துவிடுகிறார்.