டைட்டிலில் இருந்த பெயர்

கும்பகோணத்தில் வெப்சைட் வேலை பார்க்கும் சுடர்விழி, விவசாயம் படித்த தன் அக்காவுக்காக இணையத்தில் ஒரு ஆடியோ சேனல் தொடங்கினாள். ‘கயல்விழியின் வயல் சேதி’ என்று பெயர். அக்கா பேசுவாள், தங்கை பதிவேற்றுவாள். டெல்டா முழுக்க ஆட்கள் கேட்டார்கள்.

போன ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் வந்து கயல்விழி இறந்துபோனாள். சுடர்விழி தன் குரலிலேயே சேனலைத் தொடர்ந்தாள். பெயரை மட்டும் தொடவில்லை.

தை மாதம் நாகூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “கயல்விழி இருக்காங்களா? அவங்க சொன்னபடி செஞ்சுதான் எங்க பயிர் பொழச்சுது. பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிடணும்.”

விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா போனிலேயே அழுதுவிட்டார். அதன்பிறகுதான் சுடர்விழி, சேனலின் விவரங்கள் எழுதியிருந்த கோப்பைக் கணினியில் திறந்தாள். சேனலின் தலைப்பைக் காட்டும் ‘டைட்டில்’ என்ற இரண்டு குறிகளுக்கு நடுவே அக்காவின் பெயர் இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றினால் கேட்பவர்கள் எல்லோருடைய போனிலும் மாறிவிடும். ‘வயல் சேதி’யை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தாள்.

மறுநாள் அப்பா வைரக்கண்ணு ஊரிலிருந்து கூப்பிட்டார். “போன்ல கயலு பேரக் காணோமே பாப்பா?”

“நாந்தாம்ப்பா எடுத்தேன். அவ இருக்கான்னு நெனச்சு எல்லாரும் கேக்குறாங்க. சொல்லிச் சொல்லி என்னால முடியலப்பா.”

“அவ பேசுனதெல்லாம் இருக்குல்ல?”

“அதெல்லாம் அப்படியே இருக்குப்பா.”

அன்று மாலையே ஊருக்குப் போய், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா பேசிய முதல் பதிவைப் போனில் ஓடவிட்டாள். கயல்விழி வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொன்னதுமே, “போதும், நிறுத்தும்மா” என்று அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.