குளவிப் பெட்டியில் ஒரு மூட்டைப்பூச்சி

எங்கள் மைசூர்க் கல்லூரியின் விலங்கியல் துறையில் பூச்சி படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் குளவிக்காரர், இன்னொருத்தி மூட்டைப்பூச்சிக்காரி. இரண்டாவது ஆள் நான். மூட்டைப்பூச்சியும் அதன் ஒன்றுவிட்ட சொந்தங்களும் என் பாடம். செடியில் சாறு குடிப்பவை, குளத்தில் நீந்துபவை, மற்ற பூச்சிகளைக் குத்தி உறிஞ்சுபவை என்று அது பெரிய குடும்பம். கடைசியாகச் சொன்ன ரகத்தைக் கொலைகாரப் பூச்சி என்போம். எல்லாவற்றுக்கும் முகத்துக்கு அடியில் ஊசி போல ஓர் அலகு மடங்கியிருக்கும்.

குளவிக்கார மேடம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேல்கோட்டையிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன்பே மைசூருக்கு வந்துவிட்ட ஐயங்கார் குடும்பம். நான் ஹனூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் மார்டள்ளியில் பிறந்தவள். இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ்தான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தமிழில் பேசிப் பார்த்து, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் பாதிதான் புரிந்து, கன்னடத்துக்கு மாறிவிட்டோம். சந்தோஷம் வந்தாலோ சண்டை வந்தாலோ மட்டும் அவரவர் தமிழ் வெளியே வரும்.

ஒரு மழைக்கால மதியம் மேடத்தின் நுண்ணோக்கி விளக்கு எரியவில்லை. தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் முந்தைய வருடம் மாணவிகளை எங்கள் ஊருக்கு அழைத்துப்போய் அண்ணனின் தோட்டத்தில் பூச்சி பிடித்திருந்தேன். மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தால் பூ என்று நினைத்து வந்து விழும். அதில் குளவி போல இருந்ததையெல்லாம் மாணவிகள் பிரித்து மேடத்திடம் கொடுத்துவிட்டார்கள். அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இது எந்தக் குடும்பம் என்று எழுதிக்கொண்டு வந்தவர், ஒன்றில் நின்றுவிட்டார்.

"இது ஒண்ணு உயிரை வாங்கறது. எந்தக் குடும்பத்துலயும் உக்கார மாட்டேங்கறது. நீ சித்த பாரேன், றெக்கை ஏதாவது உடைஞ்சிருக்கா?"

பார்த்தேன். கருப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, குச்சி இடுப்பு, நுனி கறுத்த மஞ்சள் இறக்கை. யார் பார்த்தாலும் குளவி என்றுதான் சொல்வார்கள். அதை அட்டையில் ஒட்டிய மாணவி தாராளமாகப் பசை வைத்ததில் முகம் முழுவதும் பசைக்குள் புதைந்திருந்தது. ஆனால் முன்னிறக்கையின் அடிப்பகுதி எனக்கு உறுத்தியது. குளவிக்கு அது கண்ணாடித்தாள் போல இருக்கவேண்டும். இது தோல் போலத் தடித்திருந்தது. வெந்நீரில் தூரிகையைத் தொட்டுத் தொட்டுப் பசையைக் கரைத்தேன். தலையைத் திருப்பினேன். வளைந்த அலகு, சாவகாசமாக மடங்கியபடி, அங்கே இருந்தது.

"மேடம், இது உங்க வீட்டுப் பொண்ணு இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன்.

அவர் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இருபத்தஞ்சு வருஷமா குளவி பாக்கறேன். என்னையே ஏமாத்திடுத்து பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்து அறை தாவரவியல்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொலைகாரப் பூச்சி என்று தெரிந்துவிட்டது. எந்தக் கொலைகாரப் பூச்சி என்பது தெரியவில்லை. பேரினங்களைப் பிரித்தறியும் அட்டவணைகள் எங்களிடம் உண்டு. முதுகில் முள் இருக்கிறதா, இருந்தால் இந்தப் பக்கம் போ, இல்லையென்றால் அந்தப் பக்கம் போ என்று வழி சொல்லும். இந்தப் பூச்சியோடு எந்த வழியில் போனாலும் முட்டுச்சந்துதான். ஆறு வாரம் அப்படி முட்டிக்கொண்டேன். கடைசியில் வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் மூன்றுக்குப் படம் அனுப்பினேன். மூன்று இடத்திலும், எங்கள் அலமாரியில் இதுபோல் எதுவும் இல்லை என்றார்கள். அதில் ஒருவர் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: ஒரே ஒரு பெண்பூச்சியை வைத்துப் புதுப் பேரினம் அறிவிக்காதீர்கள், ஆண் வேண்டும்.

அவர் சொன்னது சரிதான். இந்தப் பூச்சிகளில் ஆணின் வால்பகுதிக்குள் இருக்கும் உறுப்பின் வடிவம்தான் உறவுமுறையைச் சொல்லும். ஆக, எனக்கு மாப்பிள்ளை தேடும் வேலை வந்தது.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கொள்ளேகால் பஸ் ஏறி, அங்கே மாறி, ஊருக்குப் போய், ஞாயிறு முழுக்க அவரைக்காய்ப் பந்தலுக்கு அடியில் கிடந்துவிட்டுத் திரும்புவேன். நாலு முறை போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன் வரப்பில் நின்று, "ஏன் அம்மிணி, மைசூருல பூச்சியே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அண்ணி என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்குக் குளவி என்றாலே ஆகாது. ஒரு தடவை கண்ணுக்கு மேல் கொட்டி மூன்று நாள் கண் திறக்க முடியாமல் இருந்தவர். நான் செல்பேசியில் படம் காட்டியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதைய எதுக்கு அம்மிணி தேடிக்கிட்டு வர்றே? இதுங்களைக் கண்டா நான் அக்கட்டால போறவ."

ஐந்தாவது வாரம் நான் போகவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. அந்த ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"அம்மிணி, உன்ற கொளவி என்னையக் குத்திப்போட்டுது."

"ஐயோ, எங்க கொட்டுச்சு அண்ணி? வீங்கியிருக்கா?"

"கொட்டலைங்கறேன். குத்துச்சு. அவரைக்காய் பறிக்கறப்ப கொடியோட சேத்துப் புடிச்சுப்போட்டேன். வாலு அந்தப் பக்கமாக் கெடக்குது, இது மூஞ்சிய வெச்சு விரல்ல குத்துது. எந்தக் கொளவி மூஞ்சில குத்தும்? இது பொய்க்கொளவி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அதை என்ன பண்ணுனீங்க?"

"நசுக்கிப்போட்டேன்."

கையிலிருந்த சிவப்புப் பேனா உருண்டு மேசைக்கு அடியில் போனது. அண்ணியிடம் எப்படிக் கோபப்படுவது? விரல் வலியோடு காலையில் எனக்கு முதல் போன் போட்டவர். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"குத்துனதைத்தான் நசுக்குனேன். அதும்மேல இன்னொண்ணு ஏறிக் கெடந்துச்சு. அதைப் பெருங்காய டப்பாவுல போட்டு மூடி வெச்சிருக்கறேன். உள்ளார சுத்திக்கிட்டுத்தான் இருக்குது."

"மேல இருந்ததா? அண்ணி, அது குத்துனதைவிடச் சின்னதா?"

"சின்னதுதான். ஒல்லி. வயிறு இல்லாத மாதிரி இருக்குது."

மேலே ஏறிக் கிடந்தது, சின்னது, ஒல்லி. ஆண்! "டப்பாவைத் திறக்காதீங்க, நான் வர்றேன், இப்பவே வர்றேன்" என்று கத்தினேன். அடுத்து மேடத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "இரு, நானும் வரேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஒரு வேஷம் இருந்தா அசலும் அங்கதான் இருக்கணும், இல்லையா? எந்தக் குளவியைப் பாத்து இது இப்பிடி உடுத்திண்டிருக்குன்னு நான் பாக்க வேண்டாமா?"

மதியம் ஒரு மணிக்கு மேல் ஊர் போய்ச் சேர்ந்தோம். அண்ணி களி கிண்டி அவரைக்காய்க் குழம்பு வைத்திருந்தார். நான் டப்பாவைத்தான் முதலில் கேட்டேன். பெருங்காய வாசத்தோடு உள்ளே சுற்றிச் சுற்றி நடந்து உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை, முழுசாக, ஒரு கால் குறையாமல். அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "அட விடு, வீங்குன கை" என்றார்.

சாப்பிடும்போது மேடம், "இது என்ன தளிகை, இவ்ளோ ருசியா இருக்கு?" என்றார். அண்ணிக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. "சமையலைச் சொல்றாங்க" என்றேன். அண்ணி, "இன்னொரு உருண்டை போட்டுக்கோணும், வெச்சுப்போட்டு எந்திரிக்கக் கூடாது" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். "மிச்சம் வைக்கக்கூடாதாம்" என்றேன். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துச் சொன்னது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். இரண்டு பேரும் அதையே வேடிக்கையாக்கிக்கொண்டு, வேண்டுமென்றே புரியாத சொல்லாகத் தேடிப் பேசினார்கள்.

பிறகு பந்தலுக்குப் போனோம். எனக்கு நாலு முறையாகத் தெரியாதது அன்று ஏன் தெரிந்தது என்றால், அண்ணி காட்டியதால் தெரிந்தது. நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பூவுக்குப் பின்னால் காம்பில் இருந்தன. குளவிகளும் அங்கேயே, அதே கருப்பு மஞ்சளில், ஓயாமல் நடந்துகொண்டிருந்தன.

"எது எதுன்னு எப்பிடித் தெரியறது உங்களுக்கு?" என்று மேடம் கேட்டார்.

"கொம்பைப் பாருங்க. கொளவி நின்னாலும் ஆட்டும், நடந்தாலும் ஆட்டும். பொய்க்கொளவி நடக்கறப்ப நல்லா ஆட்டும். நின்னுப்போட்டா ஆட்டறதுக்கு மறந்துபோயிரும்."

மேடம் அப்படியே நின்று ஒரு காம்பைக் கால்மணி நேரம் பார்த்தார். பிறகு கையேட்டை எடுத்து எழுதினார். பூச்சி பிடிக்கும் வேலையில் இறங்கியதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதோ ஒண்ணு, நின்னுடுத்து, ஆட்டலை, உன் ஜாதிதான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் பிடித்தார். அடுத்த நொடி "அம்மா!" என்று கையை உதறினார். அசல் குளவி. கொட்டியேவிட்டது. அண்ணி ஓடிப்போய்ச் சுண்ணாம்பு எடுத்து வந்தார். மேடம் விரலை நீட்டியபடி வரப்பில் உட்கார்ந்து, "பொய்யை வெச்சு ஏமாந்தேன், இப்ப நெஜத்தை வெச்சும் ஏமாந்தாச்சு" என்று மறுபடியும் அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார். அண்ணிக்கு ஒரு விரல், மேடத்துக்கு ஒரு விரல். நான் மட்டும் பத்து விரலும் சரியாக இருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு பெண், ஓர் ஆண் கிடைத்தன. அது போதும்.

அடுத்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. ஆணின் வால்நுனியைக் காரக்கரைசலில் ஊறவைத்து, சதை கரைந்ததும் கிளிசரினில் போட்டு, அதற்குள் இருந்த உறுப்பை முதன்முதலாகப் பார்த்த காலை. கொக்கி போல வளைந்து நுனி இரண்டாகப் பிளந்த ஒரு சின்ன முள். இதைப்போல் வேறெந்தப் பேரினத்துக்கும் கிடையாது. உலகத்தில் இதைப் பார்த்த முதல் ஆள் நான் என்ற நினைப்பு வந்ததும் வாசலுக்குப் போய் நின்று குக்கரஹள்ளி ஏரிப் பக்கமாகப் பறந்த கொக்குகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த முள்ளை நான் பதினோரு முறை வரைந்தேன். மயிர்களைக் கூட ஒவ்வொன்றாக.

பெயர் வைக்கும் கட்டம் வந்தது. பேரினத்துக்கு அண்ணியின் பெயர் என்று நானே முடிவு செய்து போனில் சொன்னேன்.

"கொலைகாரப் பூச்சிக்கு என்ற பேரா? உங்க அண்ணன் சந்தைக்குச் சந்தை சொல்லிச் சிரிப்பாரு. வேண்டவே வேண்டாம்."

"வேற என்ன வைக்கறது அண்ணி?"

"அதான் பேரு இருக்குதில்ல. பொய்க்கொளவி. அது பொறந்தப்ப இருந்து அதுக்கு அதான பேரு?"

உண்மையில் அந்தப் பேரை அது அவரிடமிருந்துதான் பெற்றது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. லத்தீன் வால் ஒன்றை ஒட்டி அதையே வைத்தோம். இனப்பெயராக ஊரின் பெயர். கட்டுரையில் பெயர்க் காரணம் என்ற பகுதியில், தென் கர்நாடக மலையோர ஊர்களின் தமிழ்ப் பேச்சில் இதற்குப் போலிக் குளவி என்று பொருள் என எழுதினோம். கொம்பு ஆட்ட மறந்துபோகும் விஷயத்தை நடத்தை பற்றிய பத்தியில் சேர்த்தோம். ஆய்விதழுக்காகக் கட்டுரையைச் சோதித்த இரண்டு பேரில் ஒருவர் என் படங்களில் இரண்டைத் திருத்தச் சொன்னார். மற்றவர், அந்த ஒரு பத்திக்காகவே இதை வெளியிடலாம், யார் கவனித்தது என்று கேட்டிருந்தார். தோட்டத்துக்காரர் கவனித்தது என்று நன்றியுரையில் அண்ணியின் முழுப்பெயரையும் போட்டோம். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

கட்டுரை வெளிவந்த அன்று பருவத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஓய்வு, மேடத்துக்கு மாடியில் கண்காணிப்பு வேலை. காலை பதினொன்றரைக்கு மின்னஞ்சல் வந்தது. திறந்தேன். முதல் பக்கத்தில் மேலே எங்கள் இருவர் பெயரும், கீழே காம்பில் நிற்கும் மாப்பிள்ளையும். படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்கு ஓடினேன். தேர்வு அறைக்குள் செல்பேசி கொண்டுபோகக் கூடாது. ஜன்னல் பக்கம் நின்று கையைக் கையை ஆட்டினேன். மேடம் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். என் முகமே சொல்லியிருக்கும். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பது பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்க, அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரிப்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

மணி அடிக்கும்வரை வராந்தாவிலேயே காத்திருந்தேன். அவர் இரண்டு கையிலும் விடைத்தாள் கட்டை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் பொறுமை இல்லை. கட்டோடு சேர்த்தே அவரைக் கட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து தேர்வு அலுவலர், "மேடம், பண்டல்! மேடம், பண்டல்!" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார்.